கண்காணியும் வழித்துணையும்: நன்னடத்தைச் சட்டத் தமிழில் விடுபட்ட ஒரு வினை

ஆய்வுச்சுருக்கம்

குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், சில நிபந்தனைகளோடு வீட்டிலேயே வாழவிட்டு, குறித்த காலம்வரை அவரருகே ஒரு மனிதரை நிறுத்திவைக்கும் முறை ஆங்கிலத்தில் ‘புரொபேஷன்’ எனப்படுகிறது. தமிழில் அது ‘நன்னடத்தை’ என வழங்குகிறது. அருகே நிற்கும் அந்த மனிதரின் பணியைத் தமிழ்ச் சட்ட வழக்கும் இதழ் வழக்கும் எச்சொற்களால் குறிக்கின்றன, அச்சொற்கள் எதைக் காட்டி எதை மறைக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1907ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம், 1958ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஆகியவற்றின் வினைச்சொற்கள் ஒப்பிடப்படுகின்றன. ‘கண்காணிப்பு’, ‘விசாரணை’ ஆகிய தமிழ்ச் சொற்களின் பொருள்வரலாறு சுட்டப்படுகிறது. ஜப்பானிய வழக்கு ஒன்று எதிர்ச்சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நன்னடத்தை, கண்காணி, விசாரித்தல், துணை, சட்டத்தமிழ், கலைச்சொல்லாக்கம்

1. மூன்று வினைகள், இரண்டு வினைகள்

இங்கிலாந்தில் 1907இல் இயற்றப்பட்ட குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், நன்னடத்தை அலுவலர் ஆற்றவேண்டிய கடமைகளை நான்காம் பிரிவில் வரிசைப்படுத்துகிறது. அவர் பொறுப்பிலுள்ளவரை நேரில் காணவேண்டும். நிபந்தனைகள் காக்கப்படுகின்றனவா எனப் பார்க்கவேண்டும். நீதிமன்றத்துக்கு அறிக்கை தரவேண்டும். இவற்றுக்குப் பின் ‘அட்வைஸ், அசிஸ்ட், பிஃப்ரெண்ட்’ என்னும் மூன்று வினைகள் ஒரே தொடரில் வருகின்றன. அறிவுரை கூறுதல், உதவுதல், நட்புடன் அணுகுதல் என அவற்றைத் தமிழில் சொல்லலாம். தேவைப்படும்போது தகுந்த வேலை தேடித்தர முயல்வதும் அத்தொடரிலேயே அடங்கும். மூன்றாவது வினை வியப்புக்குரியது. ஓர் அரசு ஊழியரிடம் ‘நட்புக் கொள்க’ என்று கட்டளையிடும் சட்டத்தொடர்கள் மிகச் சிலவே இருக்கக்கூடும்.

அவ்வினை சட்டம் எழுதியவர்களின் கற்பனையில் திடீரெனத் தோன்றியதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்னும் காலணி செய்பவர், 1841இல் குடிப்பழக்கத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஒருவருக்குத் தாமே பிணைநின்று அவரை அழைத்துச் சென்றார். சில வாரங்களுக்குப் பின் மீண்டும் அழைத்துவந்தபோது அம்மனிதரின் தோற்றமே மாறியிருந்ததாகவும், நீதிபதி ஒரு சென்ட் மட்டும் அபராதம் விதித்ததாகவும் பதிவுள்ளது. 1859இல் இறக்கும்வரை அவர் ஏறத்தாழ 1,900 பேருக்குப் பிணைநின்றார். அவருக்குப் பதவியும் இல்லை, ஊதியமும் இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்கெனச் சட்டம் இயற்றியது 1878இல்தான். இங்கிலாந்திலும் 1876 முதல் மதுவிலக்குச் சமயப்பணியாளர்கள் காவல் நீதிமன்றங்களின் வாசலில் நின்று இதே வேலையைச் செய்துவந்தனர். ஆக, பணி முதலில் தோன்றியது. பதவி பின்னர் வந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாவது வினை, பதவிக்கு முந்திய அந்தப் பணியின் எச்சம் எனலாம்.

இந்தியாவில் 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே 562ஆம் பிரிவு நன்னடத்தையின்பேரில் விடுவிக்க வழிசெய்தது. ஆனால் விடுவிக்கப்பட்டவருக்கு அருகே யாரையும் நிறுத்தவில்லை. சென்னை மாகாணம் 1936இல் தனக்கெனத் தனிச்சட்டம் கண்டது. நாடு முழுவதற்குமான சட்டம் 1958இல் வந்தது. அதன் 14ஆம் பிரிவு நன்னடத்தை அலுவலரின் கடமைகளைச் சொல்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் சூழ்நிலையையும் வீட்டுச் சூழலையும் விசாரித்து அறிதல், மேற்பார்வை செய்தல், தேவையெனில் வேலை தேடித்தர முயலுதல், நீதிமன்றம் விதித்த இழப்பீட்டையும் செலவையும் செலுத்துவதில் அறிவுரை கூறி உதவுதல், நான்காம் பிரிவின்கீழ் விடுவிக்கப்பட்டோருக்கு அறிவுரை கூறி உதவுதல் என்பன அவை. 1907இன் சொற்கள் இங்கு வாசகருக்கு உடனே அடையாளம் தெரியும். ‘வேலை தேடித்தர முயலுதல்’ கூட அப்படியே வந்துள்ளது. ‘பிஃப்ரெண்ட்’ மட்டும் இல்லை.

இது தற்செயலான விடுபாடா, எண்ணிச் செய்த நீக்கமா என்பது இக்கட்டுரையின் கேள்வியன்று. விளைவே இங்குக் கருதத்தக்கது. 17ஆம் பிரிவு விதிகள் வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குத் தருகிறது. விடுபட்டதை விதிகள் ஈடுசெய்ய இயலும். ஆயினும் தாய்ச்சட்டத்தின் வினைகளே பதவியின் பெயரையும் கோப்பின் தலைப்பையும் மொழிபெயர்ப்பாளர் தேடும் சொல்லையும் தீர்மானிக்கின்றன. தமிழில் நேர்ந்ததும் அதுவே.

2. ‘நன்னடத்தை’ என்னும் பெயர்

‘புரொபேஷன்’ என்பது சோதித்தறிதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் இதே ஆங்கிலச் சொல்லுக்கு வேறொரு தமிழாக்கம் நெடுநாளாக வழங்குகிறது. பணியில் புதிதாகச் சேர்ந்தவரின் தொடக்கக் காலம் ‘தகுதிகாண் பருவம்’. இது நல்ல தமிழாக்கம். காண்பவர் ஒருவர் உண்டு என்பதை அச்சொல் ஒப்புக்கொள்கிறது. ‘பருவம்’ என்பதால் அதற்கொரு முடிவு உண்டு என்றும் சொல்கிறது. பருவம் முடிந்தால் பணியாளர் மற்றவர்களுள் ஒருவராகிவிடுவார்.

குற்றமிழைத்தவருக்கு அந்தப் பருவம் கிடைக்கவில்லை. அவருக்கு வழங்கப்பட்ட சொல் ‘நன்னடத்தை’. இது புரொபேஷனின் மொழிபெயர்ப்பன்று. சட்டத்தொடரில் அதனை ஒட்டி வரும் ‘குட் காண்டக்ட்’ என்பதன் மொழிபெயர்ப்பு. முறைமையின் பெயர் நழுவி, நிபந்தனையின் பெயர் அதன் இடத்தில் அமர்ந்துவிட்டது. விளைவாக, இருவர் ஈடுபடும் ஓர் ஏற்பாடு ஒருவரின் குணமாகக் குறுகுகிறது. ‘நன்னடத்தை’ என்று கேட்கும்போது விடுவிக்கப்பட்டவரின் ஒழுக்கம் மட்டுமே மனத்தில் எழுகிறது. அவரோடு நடக்கவேண்டியவர் அச்சொல்லில் இல்லை.

இதனினும் பெரிய இடர், இச்சொல் ஏற்கெனவே வேறு வேலைகளில் இருப்பது. பள்ளியை விட்டு நீங்கும் மாணவர் பெறுவது நன்னடத்தைச் சான்றிதழ். ஆயுள்கைதிகள் அண்ணா பிறந்தநாளையொட்டி முன்கூட்டியே விடுவிக்கப்படும்போது ‘நன்னடத்தை அடிப்படையில்’ என்று செய்தி வருகிறது. காவல்துறையின் போக்கிரிப் பட்டியலில் உள்ளவரிடம் எழுதி வாங்கப்படுவது நன்னடத்தைப் பிணை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, இன்று 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 129ஆம் பிரிவு அதற்குரியது. ‘நன்னடத்தைப் பிணையை மீறியவருக்குச் சிறை’ என்னும் செய்தித் தலைப்பைத் தமிழ் வாசகர் அடிக்கடி காண்கிறார். அவ்வாறு பழகிய ஒருவர், பதினெட்டு வயது இளைஞர் முதல் திருட்டுக்காக ‘நன்னடத்தையில் விடப்பட்டார்’ என்று கேட்டால் எதை நினைப்பார்? போக்கிரிப் பட்டியலையே நினைப்பார். வருமுன் தடுப்பதற்குக் காவல்துறை கேட்கும் பிணையும், தண்டனைக்கு மாற்றாக நீதிமன்றம் தரும் வாய்ப்பும் ஒரே பெயரில் வழங்குவது கலைச்சொல் குறைபாடு மட்டுமன்று. அந்த இளைஞருக்கு வாடகைக்கு வீடும் பட்டறையில் வேலையும் கிடைப்பதோடு தொடர்புடையது. நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, இவ்வாறு விடுவிக்கப்பட்டவரைத் தீர்ப்பினால் நேரும் தகுதியிழப்பு எதுவும் பற்றாது என்கிறது. சட்டம் மறக்கச் சொல்வதைச் சொல் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

இலங்கையும் ‘நன்னடத்தை’ என்பதையே கொண்டது; அங்கு அது சிறுவர் பராமரிப்போடு ஒரே திணைக்களத்தின் பெயரில் இணைந்துள்ளதால் ஓரளவு மென்மை பெறுகிறது. சிங்கப்பூர்த் தமிழ் இதழியல் ‘நன்னடத்தைக் கண்காணிப்பு’ என்று எழுதுகிறது. இது கூடுதல் தெளிவுடையது. இரண்டாவது ஆள் இச்சொல்லில் வந்துவிடுகிறார். ஆனால் அவர் கண்ணாக மட்டுமே வருகிறார்.

3. கங்காணியின் கண்

‘கண்காணி’ தமிழில் பழைய சொல். சோழர்காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்கள் இப்பெயரால் குறிக்கப்படுகின்றனர். திருமூலர் இச்சொல்லை இறைவனுக்கே ஏற்றுகிறார். பார்ப்பவர் இல்லையென எண்ணிக் கள்ளம் செய்வோரைச் சுட்டி, எங்கும் நிறைந்து பார்த்துநிற்கும் கண்காணியைக் கண்டுகொண்டவர்கள் கள்ளத்தை விட்டொழிந்தார்கள் என்பது அப்பாடலின் கருத்து. நன்னடத்தை மேற்பார்வையின் தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது அரிது. பார்க்கப்படுகிறோம் என்னும் உணர்வே திருத்தும் என்பது அதன் அடிப்படை.

எனினும் சொல்லின் அண்மை வரலாறு அருளியல் சார்ந்ததன்று. இலங்கை, மலாயாத் தோட்டங்களில் கண்காணி ‘கங்காணி’ ஆனார். ஊரில் ஆள்திரட்டி, முன்பணம் கொடுத்து, கடல்கடத்திக் கொண்டுபோய், வேலைத்தளத்தில் மேற்பார்த்தவர் அவர். பெரிய கங்காணியின் கீழ்ச் சில்லறைக் கங்காணிகள் இருந்தனர். காலைப் பிரட்டில் எத்தனை பேர் வேலைக்கு நிற்கிறார்களோ அதற்கேற்பத் தலைக்காசு கிடைத்தது. இலங்கையில் தொழிலாளியின் கடன் ‘துண்டு’ எனப்பட்ட தாளில் எழுதப்பட்டது. புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தாலன்றி அவர் இடம்பெயர இயலவில்லை. 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணி சில சமயம் உறவினராகவும் சாதித் தலைவராகவும் வழக்குத் தீர்ப்பவராகவும் இருந்தார் என்பதும் உண்மை. அந்த நெருக்கமே கடன்பிணைப்பை இறுக்கியது. ‘கண்காணிப்பு’ என்னும் சொல்லைக் கேட்கும் மலையகத் தமிழரிடம் இவ்வரலாறு இன்றும் ஒலிக்கக்கூடும். சட்டத்தமிழ் அச்சொல்லை எடுத்தாள்கையில் அதன் சுமையையும் சேர்த்தே எடுக்கிறது.

திரைப்படம் ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. வி. சாந்தாராம் 1957இல் எடுத்த ‘தோ ஆங்கேன் பாரா ஹாத்’, கொலைக்குற்றத்துக்காகச் சிறையிலிருக்கும் ஆறு பேரைத் திறந்தவெளிப் பண்ணைக்கு அழைத்துச் செல்லும் சிறை அதிகாரியின் கதை. தமிழில் எம்.ஜி.ஆர். நடிக்க ‘பல்லாண்டு வாழ்க’ என 1975இல் வந்தது. இரண்டு கண்கள், பன்னிரண்டு கைகள் என்னும் இந்தித் தலைப்பே கொள்கையைக் கூறிவிடுகிறது. அறுவரையும் கட்டிவைப்பது விலங்கன்று, அதிகாரியின் விழிகள். இப்படம் பெற்ற பாராட்டுகள் தகுதியானவையே. ஆயினும் அறுவரும் மாறுவது உண்மையில் விழிகளால்தானா? தரிசைத் திருத்துகிறார்கள், காய்கறி விளைவிக்கிறார்கள், சந்தைக்குக் கொண்டுபோய் நேர்மையான விலைக்கு விற்கிறார்கள், அதனால் வணிகரின் பகையைச் சம்பாதிக்கிறார்கள். அதிகாரி அவர்களோடு அதே மண்ணில் வேலை செய்கிறார். படத்தின் காட்சிகள் ‘உடனிருத்தல்’ பற்றிப் பேச, அதன் தலைப்பு ‘பார்த்தல்’ பற்றிப் பேசுகிறது. நன்னடத்தைச் சட்டத் தமிழிலும் இதே முரண் உள்ளது.

4. விசாரித்தலின் இரு முகங்கள்

மேற்பார்வைப் பணியின் உள்ளீடு என்ன என்பதைச் சட்டத்திலிருந்தே ஓரளவு வருவிக்கலாம். நான்காம் பிரிவின்கீழ்ப் பிணைப்பத்திரம் மூன்றாண்டுக்கு மேற்படாது; மேற்பார்வை ஆணை இடப்பட்டால் அது ஓராண்டுக்குக் குறையாது. எங்கே தங்குவது, மது அருந்தாமை முதலிய நிபந்தனைகள் சேர்க்கப்படலாம். நிபந்தனையை முதன்முறை மீறினால் நீதிமன்றம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத தண்டம் விதித்துப் பத்திரத்தைத் தொடரவிடலாம். அல்லது மூலக் குற்றத்துக்கே தண்டனை வழங்கலாம். ஐம்பது ரூபாய்க்கும் சிறைக்கும் இடையிலான இந்த அகன்ற வெளியில்தான் நன்னடத்தை அலுவலரின் அன்றாடம் நிகழ்கிறது. ஒருவர் இரண்டு வாரமாகக் கையெழுத்திட வரவில்லை. அது தலைமறைவா, தாயின் மருத்துவமனைச் செலவுக்காக வெளியூரில் கட்டட வேலையா? குடித்திருக்கிறார். அது மீறலா, சறுக்கலா? தாளில் இரண்டும் ஒன்றே. வீட்டுக்குப் போய்க் கேட்டாலன்றி வேறுபாடு தெரியாது.

அவ்வாறு போய்க் கேட்பதற்குத் தமிழ் வைத்திருக்கும் சொல் ‘விசாரித்தல்’. இச்சொல்லைப்போல் இப்பணியின் நெருக்கடியை உள்ளடக்கிய சொல் ஆங்கிலத்திலும் இல்லை. ‘விசாரணை’ என்றால் காவல்நிலையமும் நீதிமன்றமும். ‘விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள்’ என்பது ஒரு குடும்பத்தை நடுங்கவைக்கும் தொடர். ‘நலம் விசாரித்தல்’ என்றால் உறவும் பரிவும். காய்ச்சலில் கிடந்தவரை யாரும் வந்து விசாரிக்கவில்லை என்பது மனத்தாங்கல். திருமணத்தில் வந்தவர்களைச் சரியாக விசாரிக்கவில்லை என்பது பெருங்குறை. ஒரே வினை, ஒருவர் வராதிருந்தால் நிம்மதியையும் இன்னொருவர் வராதிருந்தால் வருத்தத்தையும் தருகிறது.

நன்னடத்தைப் பணியாளர் இவ்விரு விசாரிப்புகளுக்கும் இடையில் நிற்பவர். 14ஆம் பிரிவின் முதற்கடமை, நீதிமன்றத்தின் பொருட்டு வீட்டுச் சூழலை விசாரிப்பது. அவ்வறிக்கையை ஏழாம் பிரிவு மறைவானதாகக் கருதுகிறது. ஆனால் தெரு மறைவானதன்று. தெரியாத ஒருவர் கையில் பையோடு வந்து இன்னார் வீடு எதுவென்று கேட்டால், பெட்டிக்கடைக்காரர் வழிகாட்டிவிட்டு யார் என்ன என்று எண்ணத் தொடங்குவார். பக்கத்து வீட்டாரிடம் ‘பையன் எப்படி?’ என்று கேட்டறிவது அறிக்கைக்கு வலுச்சேர்க்கும். அந்தக் கேள்வியே பையனின் கதையைத் தெருவுக்குச் சொல்லிவிடும். தகவல் திரட்டும் செயலே காக்கவேண்டியதைக் கெடுக்கிறது. பணியில் தேர்ந்தவர் இதனை எவ்வாறு கையாளுவார் என்பதைச் சட்டப்பிரிவு சொல்லாது. எத்தனை மணிக்குப் போவது, வாசலில் நிற்பதா திண்ணையில் அமர்வதா, கொடுத்த காப்பியைக் குடிப்பதா மறுப்பதா என்னும் சிறு முடிவுகளிலேயே அவ்வருகை எந்த விசாரிப்பு என்பது உறுதியாகிறது. காப்பியை மறுப்பது நடுநிலைமை என்று அலுவலக ஒழுங்கு கருதலாம். அந்த வீட்டில் அது வேறுவிதமாகப் படிக்கப்படும்.

இத்திறன் எதற்கும் பெயரில்லை. ‘மேற்பார்வை செய்யப்பட்டது’ என்னும் ஒற்றைத் தொடரில் அனைத்தும் அடங்கிவிடுகின்றன. எழுதப்படுவதே அளக்கப்படும் இடத்தில், எழுதச் சொல்லில்லாத வேலை மெல்லச் செய்யப்படாமற்போகும். மொழிக்குறை நிர்வாகக் குறையாவது இவ்வழியில்தான்.

5. ஜப்பானியச் சான்று

வேறு மொழிகளும் இவ்வாறே குறுகியுள்ளனவா என்பதற்கு ஜப்பானிய வழக்கு பயன்தரும் ஒப்பீடு. அங்கு நன்னடத்தை மேற்பார்வை ‘ஹோகோ கன்சாட்சு’ எனப்படுகிறது. ‘ஹோகோ’ என்பது காத்தல். ‘கன்சாட்சு’ என்பது கூர்ந்து நோக்குதல். இரு பொருள்களும் ஒரே தொகைச்சொல்லில், காத்தல் முன்னும் நோக்கல் பின்னுமாக நிற்கின்றன. இப்பணியைச் செய்யும் தன்னார்வலர் ‘ஹோகோஷி’. அவர் பெயரில் காத்தல் மட்டும் உள்ளது; நோக்கல் இல்லை.

இவ்வழக்கின் தோற்றக்கதையாகச் சொல்லப்படுவது துயரமானது. ஷிசுவோகாச் சிறையிலிருந்து திருந்தி வெளிவந்த ஒருவர், ஊர் திரும்பியபோது பெற்றோர் இறந்திருக்க, மனைவி வேறு மணம் செய்திருக்க, ஒண்ட இடமின்றித் தற்கொலை செய்துகொண்டார். மீண்டும் குற்றம் செய்ய மனமில்லை என்று சிறையில் தம்மைத் திருத்தியவருக்கு எழுதிவைத்தார் என்பர். தென்ரியூ ஆற்றின் வெள்ளத்தடுப்புப் பணியால் அறியப்பட்ட கின்பரா மெய்சென் இதனால் மனம்நொந்து, விடுதலையானோரைக் காக்கும் அமைப்பை 1888இல் நிறுவினார். அதன் வழிவந்த மரபே 1950இல் ஹோகோஷிச் சட்டமானது. இன்று அண்மைக் கணக்கில் சுமார் 47,000 பேர் ஊதியமின்றி இப்பணியில் உள்ளனர். செலவுத்தொகை மட்டும் ஈடுசெய்யப்படுகிறது. களப்பணியிலுள்ள ஊதிய அலுவலர்களோ ஏறத்தாழ ஆயிரம் பேரே. ஹோகோஷிகளின் சராசரி வயது 65ஐக் கடந்துவிட்டது. பொறுப்பிலுள்ளவர் மாதத்தில் ஓரிரு முறை ஹோகோஷியின் வீட்டுக்கு வருகிறார். அல்லது ஹோகோஷி அவர் வீட்டுக்குச் செல்கிறார். இரண்டுக்கும் ஜப்பானியத்தில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. அலுவலர் போவது மட்டுமே மேற்பார்வை என்று பழகிய தமிழ்ச் சட்டமொழிக்கு, அவர் வீட்டுக்கு மற்றவர் வருவது என்னும் கருத்தே புதியது.

இதனைப் புகழ்ந்து நிறுத்திவிட இயலாது. 2024 மே மாதம் ஓட்சு நகரில் ஒரு ஹோகோஷி தம் வீட்டில் கொல்லப்பட்டார். அவர் பொறுப்பிலிருந்த ஒருவர் கைதானார். தனிமையில் வீட்டில் சந்திப்பது இனியும் சரியா, அரசு செய்யவேண்டியதை முதியவர்களின் நல்லுள்ளத்தின்மேல் ஏற்றியிருப்பது நேர்மையா என்னும் கேள்விகள் அதன்பின் கூர்மையாயின. ‘காத்தல்’ என்று அழகாகப் பெயர் வைப்பதால் காப்பவரைக் காக்கும் கடமை நீங்கிவிடாது. ஊதியமற்ற பரிவை வியக்கும் எந்த எழுத்தும் இக்கேள்வியைத் தாண்டியாகவேண்டும்.

6. நட்பா, துணையா

விடுபட்ட மூன்றாவது வினையை அப்படியே மீட்டு ‘நட்புக் கொள்ளுதல்’ எனத் தமிழில் சேர்த்துவிடலாமா? குறளின் நட்பு அதிகாரத்தை முன்வைத்து அவ்வாறு வாதிடுவது எளிது. அழிவுதரும் வழியிலிருந்து விலக்கி, நல்வழியில் செலுத்தி, துன்பம் வந்தால் உடன் துன்புறுவதே நட்பு என்று வள்ளுவர் வரையறுக்கிறார். விலக்குதலை அறிவுரையாகவும், வழிச்செலுத்தலை உதவியாகவும், உடன் துன்புறுதலை மூன்றாவது வினையாகவும் கொண்டால் 1907ஆம் ஆண்டுத் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான உரை வேண்டியதில்லை. நட்பு சிரித்து மகிழ்வதற்கன்று, எல்லை மீறும்போது இடித்துரைப்பதற்கு என்னும் குறட்கருத்தும் மேற்பார்வையின் கண்டிப்பான பகுதிக்கு இடமளிக்கிறது.

ஆயினும் இப்பொருத்தத்தில் ஓர் ஓட்டை உண்டு. நட்பு ஒத்த நிலையில் நிற்பது; இருவரும் தேர்ந்து கொள்வது. நன்னடத்தை அலுவலரை மற்றவர் தேரவில்லை. அவர் எழுதும் ஓர் அறிக்கையின்பேரில் ஒன்பதாம் பிரிவு இயங்கத் தொடங்கும். தன்னைச் சிறைக்கு அனுப்பவல்லவர் தன் நண்பர் என்று ஒருவரை நம்பவைப்பது, கங்காணியின் உறவுமுறையை வேறு பெயரில் மீண்டும் கொண்டுவருவதாகும். நண்பனிடம் சொல்வதை அலுவலரிடம் சொல்லிவிட்டவர் ஏமாற்றப்பட்டவராவார். இங்கிலாந்தும் பின்னாளில் தன் பழைய மொழியிலிருந்து விலகி, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘புரொபேஷன் ஆணை’ என்னும் பெயரையே மாற்றியது. அம்மாற்றம் தண்டனையின் மொழியை நோக்கிய நகர்வு, வருந்தத்தக்கது. ஆனால் நட்பு என்னும் சொல் அதிகாரத்தை மறைத்தது என்னும் குற்றச்சாட்டு முற்றும் பொய்யன்று.

தமிழ் இங்கு வேறொரு சொல்லைத் தரவல்லது. ‘துணை’ ஒத்த நிலையைக் கேட்பதில்லை. பேச்சுத்துணை உண்டு, வழித்துணை உண்டு. அச்சமுள்ள பாதையில் ஒருவரோடு நடந்து, ஊர் வந்ததும் பிரிந்துபோகிறவர் வழித்துணை. அவர் நண்பராக இருக்கவேண்டியதில்லை. பாதையை அறிந்தவராக இருந்தால் போதும். அவர் கண் வழிச்செல்பவர்மேல் மட்டும் இராது. முன்னே பாதையின்மேலும் இருக்கும். அவருடைய பணிக்கு எல்லை உண்டு. ஓராண்டோ மூன்றாண்டோ முடிந்தால் அவர் விலகுவதே வெற்றி. ‘தகுதிகாண் பருவம்’ பணியாளருக்குத் தந்த முடிவை ‘வழித்துணை’ இவருக்கும் தருகிறது. ‘பிணை’ என்னும் சொல்லிலும் இதன் சாயல் உண்டு. அது பத்திரம் மட்டுமன்று, பின்னிக்கொள்ளுதலும் ஆகும். அகஸ்டஸ் செய்தது அதுதான். நான்காம் பிரிவோ, விடுவிக்கப்படுபவருக்கோ பிணைநிற்பவருக்கோ நிலையான இருப்பிடமோ ஒழுங்கான தொழிலோ இருக்கவேண்டும் என்கிறது. நடைபாதையில் வாழ்பவருக்கும் ஊரூராகச் சென்று கூலிவேலை செய்பவருக்கும் இவ்வாசல் எளிதில் திறப்பதில்லை. பின்னிக்கொள்ள ஆள் இல்லாதவரே சிறைக்குச் செல்கிறார்.

பெயர்மாற்றத்தால் ஒரு பணியாளர் பொறுப்பிலுள்ள ஆட்களின் எண்ணிக்கை குறையாது, பயணப்படியும் கூடாது. கலைச்சொல்லாக்கத்துக்கு அவ்வளவு வலிமை இல்லை. ஆயினும் சட்டத்தில் ஏற்கெனவே திறந்துகிடக்கும் ஓர் இடத்துக்குப் பெயர் தேவைப்படுகிறது. 13ஆம் பிரிவு மூவகையினரை நன்னடத்தை அலுவலராக ஏற்கிறது: அரசு நியமித்தவர் அல்லது அரசு ஏற்றவர், அரசு ஏற்ற சங்கம் அனுப்பியவர், தனிச்சூழலில் நீதிமன்றம் தகுதியுடையவரெனக் கருதும் வேறு எவரும். மூன்றாம் வகையினர் அகஸ்டஸின் வழியினர். அவர்களுக்குத் தமிழில் பெயரே இல்லை. ‘அலுவலர்’ என்றால் பொருந்தாது. அவர்களுக்கு அலுவலகம் கிடையாது. ‘கண்காணிப்பாளர்’ என்றால் வாசலில் நிற்கும்போதே கதவு மூடும். சிங்கப்பூர் வழக்கின் ‘தொண்டூழியர்’ நெருங்கி வருகிறது. ஆனால் அச்சொல் செய்பவரின் மனத்தைச் சொல்கிறதேயன்றிச் செய்வதைச் சொல்லவில்லை. அப்பிரிவின்கீழ் நாளை ஒரு நீதிபதி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை நியமித்தால், முதல்நாள் அந்த வீட்டு வாசலில் யாரென்று கேட்கும் தாயிடம் அவர் தம் பதவியைச் சொல்லச் சொல் தேடமாட்டார். தம்பியைப் பார்த்து விசாரித்துவிட்டுப் போக வந்தேன் என்றுதான் சொல்வார்.